பிரேரிச் சாலைகளில் தார் ஏன் நிற்பதில்லை?

கேள்வி சுருக்கமாக இதுதான். வேலை நிமித்தம் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்துக்கு வந்திருக்கும் ஒருவர், ஸ்விஃப்ட் கரண்ட் நகரத்திலிருந்து லீடர் என்ற சிற்றூருக்குப் போகும் ஹைவே 32-இலும் அதிலிருந்து பிரியும் சாலைகளிலும் வாரந்தோறும் வண்டி ஓட்டுகிறார். மலை இல்லை, மழை அதிகமில்லை, எதிரே வரும் வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படியிருந்தும் சாலை ஒரு துண்டு வழுவழுவென்று இருக்கிறது, அடுத்த துண்டு ஒட்டின் மேல் ஒட்டாகக் கிடக்கிறது. சுற்றுவட்டாரத்தில் சில சாலைகளில் இருந்த தாரையும் பெயர்த்துவிட்டுச் சரளை போட்டிருக்கிறார்கள். குளிர்காலம் முழுக்கப் பாரம் ஏற்றவிட்டு, வெயில் எட்டிப்பார்க்கும் மார்ச்சில் லாரிகளின் எடையைக் குறைக்கச் சொல்கிறார்கள். "வளர்ந்த நாடு, ஒருமுறை ஒழுங்காகத் தார் போட்டால் தீராதா? பணத்தை யாராவது தின்றுவிடுகிறார்களா?" என்று கேட்கிறார்.

பிரேரி எனப்படும் இந்தப் புல்வெளிச் சமவெளியின் சாலைகளோடு பல ஆண்டுகளாக மாரடிப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தின்கிற விஷயத்துக்கு ஒரே வரிப் பதில்: அந்தச் சாலைகளுக்குத் தின்னும் அளவுக்குப் பணம் வந்ததே இல்லை.

உடைந்து கிடக்கும் அந்தத் துண்டுகள் ஒரு காலத்தில் நல்ல தார்ச்சாலையாக இருந்து பிறகு கெட்டவை என்று நினைக்கிறீர்கள். அவை தார்ச்சாலையாகக் கட்டப்பட்டதே கிடையாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இருபது, முப்பது ஆண்டுகளில் சஸ்காச்சுவான் அரசு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மண்சாலைகளுக்கு ஒரு மலிவான வைத்தியம் பார்த்தது. மண்ணை மேடாக்கி, உருட்டி இறுக்கி, அதன் மேல் தார் எண்ணெய் கலந்த மணலையோ பொடி ஜல்லியையோ ஓரிரு அங்குலம் பரப்பினார்கள். துறையில் இதற்கு 'தின் மெம்பரேன் சர்ஃபேஸ்' என்று பெயர், டி.எம்.எஸ். என்றால் எல்லோருக்கும் புரியும். பால் மேல் படியும் ஆடை போன்ற சங்கதி. புழுதி பறக்கக்கூடாது, மழையில் சேறாகக்கூடாது, அவ்வளவுதான் நோக்கம். முறையான நெடுஞ்சாலையில் தாருக்குக் கீழே ஓர் அடி, ஒன்றரை அடிக்குக்கூட உடைத்த ஜல்லி அடுக்கு இருக்கும். லாரிச் சக்கரத்தின் அழுத்தத்தை வாங்கிப் பரத்தி அடிமண்ணுக்கு மெல்ல இறக்குவது அந்த அடுக்குதான். டி.எம்.எஸ். சாலையில் தாருக்கு அடுத்தது நேரே களிமண்.

அன்று அப்படிச் செய்தது மடத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். 1870-களில் தொடங்கிய டொமினியன் நில அளவை பிரேரியை ஒரு மைல் சதுரங்களாக அறுத்துப் போட்டது. சதுரங்களுக்கு நடுவே 66 அடி அகலத்தில் சாலைக்கென்று நிலம் விடப்பட்டது; சஸ்காச்சுவானின் பெரும்பகுதியில் வடக்கு தெற்காக மைலுக்கு ஒன்று, கிழக்கு மேற்காக இரண்டு மைலுக்கு ஒன்று. ஒதுக்கிய இடமெல்லாம் சாலையாகிவிடவில்லை. ஆனாலும் இன்று கனடாவிலேயே தலைக்கு மிக அதிகச் சாலை வைத்திருக்கும் மாகாணம் இதுதான். மாகாண நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில் மட்டும் 26,000 கிலோமீட்டருக்கு மேல். மக்கள்தொகை 12 லட்சத்துச் சொச்சம். தொட்டில் குழந்தையையும் சேர்த்து ஆளுக்கு இருபது மீட்டருக்கு மேல் நெடுஞ்சாலை விழுகிறது. முந்நூறுக்குச் சற்றுக் குறைவான ஊரக நகராட்சிகள் பார்த்துக்கொள்ளும் கிரிட் சாலைகள், அதாவது அந்தச் சதுரக் கட்டங்களை ஒட்டிய ஊரகச் சாலைகள், இதைப்போலப் பல மடங்கு. இத்தனைக்கும் ஒன்றரை அடி ஜல்லி கொட்ட அன்றும் முடியாது, இன்றும் முடியாது. பழைய பனியாற்று ஏரிகளின் களிமண் படுகையில் நல்ல ஜல்லி கிடைப்பதே அரிது. ஜல்லி தோண்டும் குழி எங்கேயோ இருக்கும், சாலை எங்கேயோ போகும். கல்லின் விலையைவிட அதைக் கொண்டுவரும் கூலி அதிகமாகிவிடும். ஆகவே ஓரிரு அங்குலப் பூச்சு அன்றைய வண்டிகளுக்குப் போதும் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. பிறகு வண்டிகள் மாறின.

ஹைவே 32-இல் ஸ்விஃப்ட் கரண்டிலிருந்து வடமேற்கே போகும்போது வரும் ஊர்ப்பெயர்களைக் கவனித்திருப்பீர்கள்: சக்சஸ், பெனன்ட், காப்ரி, ஆபி, லான்சர், போர்ட்ரீவ், செப்டர், பிரிலேட், அப்புறம் லீடர். பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஓர் ஊர். இது தற்செயல் கிடையாது. குதிரை வண்டியில் கோதுமை ஏற்றிக்கொண்டு போய், இறக்கிவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பக்கூடிய தூரம் அது. ரயில் கம்பெனிகள் அந்தக் கணக்கில் நிலையங்களை வைத்தன. நிலையத்துக்கு நிலையம் எலிவேட்டர் எனப்படும் உயரமான மரத் தானியக் கிடங்குகள் எழும்பின. 1930-களில் சஸ்காச்சுவானில் மட்டும் அவை மூவாயிரத்துக்கு மேல் இருந்தன. விவசாயியின் சிறு லாரி சாலையில் ஓடியது பத்து கிலோமீட்டர். துறைமுகம் வரையான மீதித் தூரம் முழுவதையும் தண்டவாளம் சுமந்தது. அதற்கான கட்டணமும், மத்திய அரசு ரயில் கம்பெனியோடு செய்த 1897-ஆம் ஆண்டின் குரோஸ் நெஸ்ட் ஒப்பந்தத்திலிருந்து ஏதோ ஒரு வடிவில் கட்டுக்குள் வைக்கப்பட்டிருந்தது.

1995-இல் மத்திய அரசு தானிய ரயில் மானியத்தை நிறுத்தியது. கிளைப் பாதைகள் மூடப்படுவதும் எலிவேட்டர்கள் இடிக்கப்படுவதும் அதற்கு முன்பே தொடங்கியிருந்தன. அதற்குப் பிறகு வேகம் பிடித்தன. இன்று பிரேரியின் மூன்று மாகாணங்களையும் சேர்த்தாலே சில நூறு எலிவேட்டர்கள்தான். அவையும் முக்கிய ரயில் பாதையோரம், நூறு பெட்டி ரயிலை நிறுத்தி நிரப்பும் ராட்சதக் கான்கிரீட் கொட்டகைகள். ஹைவே 32-ஐ ஒட்டிய தண்டவாளம் பிழைத்துக்கொண்டது. 2009 முதல் கிரேட் சாண்ட்ஹில்ஸ் ரயில்வே என்ற சிறு நிறுவனம் அதை நடத்துகிறது. ஆனால் தண்டவாளம் இருந்தென்ன, ஊருக்கு ஊர் இருந்த எலிவேட்டர் போய்விட்டதே. பத்து கிலோமீட்டர் போன கோதுமை இப்போது எண்பது, நூறு கிலோமீட்டர் சாலையிலேயே போகிறது. போவது எதில்? எட்டு அச்சுகள் கொண்ட 'சூப்பர் பி' லாரியில். சரக்கோடு சேர்த்து அறுபது டன்னைத் தாண்டும். போதாக்குறைக்கு ஷாக்கிள்டன் வட்டாரத்தில் 2000-களில் இயற்கை எரிவாயுக் கிணறுகள் தோண்டியபோது துளைப்பு இயந்திரங்களும் குழாய் லாரிகளும் சேர்ந்துகொண்டன.

"வண்டியே இல்லையே" என்ற உங்கள் வியப்புக்கு இங்கேதான் பதில். சாலை, வண்டிகளை எண்ணுவதில்லை. அச்சின் எடையை எண்ணுகிறது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் வட்டப் பாதைகள் அமைத்து, லாரிகளை இரவு பகலாக ஓட்டி, சாலை உடைகிற விதத்தை அளந்தார்கள். அதிலிருந்து கிடைத்த தோராய விதி: அச்சின் எடை இரு மடங்கானால் சேதம் இரு மடங்கல்ல, பதினாறு மடங்கு. ஒரு காரின் அச்சு முக்கால் டன், ஒரு டன் என்றால் பாரம் ஏற்றிய லாரியின் அச்சு எட்டு டன். நான்கு அடுக்கில், அதாவது எட்டு × எட்டு × எட்டு × எட்டு என்று, பெருக்கிப் பாருங்கள். ஒரு லாரி அச்சுக்கு ஈடாக ஆயிரக்கணக்கான கார்கள் போக வேண்டும். நாளுக்கு இருநூறு, முந்நூறு வண்டி போகும் சாலையில் முப்பது லாரி போதும். கார்க்காரர்கள் என்ன சொன்னாலும் சரி, அவர்கள் சாலைக்கு ஒரு கெடுதலும் செய்வதில்லை.

இனி மண்ணும் தண்ணீரும். ஹைவே 32-இல் வரும் செப்டர் என்ற ஊரைப் பெரிய உலோகக் கோதுமைக் கதிர்ச் சிற்பத்துக்காகச் சுற்றுலாப் பயணிகள் அறிவார்கள். மண்ணியல்காரர்கள் அதை வேறொன்றுக்காக அறிவார்கள். கனமான பழுப்புக் களிமண் வகை ஒன்றுக்கே செப்டர் களிமண் என்று பெயர். நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கி விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும், ஈரத்தோடு மிதித்தால் செருப்போடு காலைப் பிடித்துக்கொள்ளும். கோதுமைக்கு அருமையான மண். சாலைக்கு இதைவிட மோசமான மண் வேண்டுமென்றால் தேடித்தான் போக வேண்டும். தெற்கே கொஞ்ச தூரத்தில் கிரேட் சாண்ட் ஹில்ஸ் மணற்குன்றுகள் தொடங்குகின்றன. மணல் கலந்த அடிமண் தண்ணீரை விட்டுவிடும், களி விடாது. ஒரே வயதுள்ள இரண்டு துண்டுகளில் ஒன்று பிழைத்து ஒன்று உடைவதற்குப் பல நேரம் இது ஒன்றே காரணம்.

குளிர்காலத்தில் இங்கே தரை ஆறு அடிக்குக் கீழும் உறைகிறது. உறைவதோடு நின்றால் பரவாயில்லை. உறையும் முகப்பு கீழே இறங்க இறங்க, தனக்கு அடியிலுள்ள ஈரத்தை மேலே உறிஞ்சி இழுக்கிறது. அந்த நீர் சாலைக்கடியில் மெல்லிய பனிக்கட்டித் தகடுகளாகப் படுக்கை படுக்கையாகச் சேர்கிறது. சாலை சில அங்குலம் மேலெழும்புவதும் உண்டு. ஜனவரியில் இதனால் தொல்லை இல்லை. உறைந்த களிமண் கான்கிரீட்டுக்குச் சளைத்தது அல்ல. கனமான பாரத்தையும் தாங்கும். அதனால்தான் குளிர்காலத்தில் சாதாரணச் சாலைகளிலும் கூடுதல் எடையோடு லாரிகள் போக அனுமதி உண்டு.

வினை மார்ச்சில் வருகிறது. கறுப்பாக இருப்பதால் தார் வெயிலை வாங்குகிறது. சாலை மேலிருந்து உருகத் தொடங்குகிறது. மேல் ஓர் அடி கூழாகிவிட்டது, அதற்குக் கீழே ஐந்தடி இன்னும் பாறையாக உறைந்திருக்கிறது. உருகிய நீர் கீழே இறங்க முடியாது. பக்கவாட்டில் வடியவும் முடியாது, ஏனென்றால் ஓரங்களில் ஒதுக்கிய பனிக்குவியலின் நிழலில் சாலையின் தோள், அதாவது தாரை ஒட்டிய ஓரப்பகுதி, இன்னும் உருகவில்லை. தண்ணீர் தொட்டிக்குள் கட்டிவைத்த மாதிரி நிற்கிறது. அந்த நேரத்தில் ஏப்ரல் மாதப் பிற்பகல் ஒன்றில் டி.எம்.எஸ். சாலையோரம் நின்று லாரி ஒன்று கடப்பதைப் பார்க்க வேண்டும். சக்கரத்துக்கு முன்னால் சாலை லேசாக அமுங்கி, பின்னால் எழும்பும், கண்ணுக்கே தெரியும். எட்டாவது அச்சு தாண்டியதும் விரிசல்கள் வழியே சாம்பல் நிறக் களிநீர் பிதுங்கி வரும். அடுத்த லாரிக்கு இன்னும் கொஞ்சம். விரிசல் முதலில் முதலையின் தோல் மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும், பிறகு கட்டங்கள் தனித்தனியாக ஆடும், பிறகு ஒரு கட்டம் காணாமல் போகும். அதுதான் குழி. ஒரு ஆண்டின் சேதத்தில் பெரும்பங்கு இந்த ஐந்தாறு வாரங்களில் நடந்து முடிந்துவிடுகிறது.

ஆகவே மார்ச்சில் முதலில் தென்மேற்கில் தொடங்கி வடக்கு நோக்கி எடைத் தடை அறிவிக்கிறார்கள். லாரிக்காரர்கள் திட்டுவார்கள், வயலில் விதைப்புக்கு உரமும் விதையும் வந்தாக வேண்டிய நேரமும் அதுதான். ஆனால் என்னைக் கேட்டால், பராமரிப்புக்காக அரசு செய்யும் காரியங்களிலேயே செலவுக்கு மிக அதிகப் பலன் தருவது இந்தத் தடைப் பலகைதான். ஒரு பலகையும் ஓர் அறிவிப்பும் காப்பாற்றும் சாலையைப் பத்து தார் லாரிகள் திருப்பித் தர முடியாது.

ஒட்டுப்போடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோருக்கும் கோபம் வருவது அதைப் பார்த்துத்தான். குழிக்குள் குளிர்ந்த தார்க்கலவையை மண்வெட்டியால் தள்ளி, வண்டிச் சக்கரத்தால் மிதித்துவிட்டுப் போவது முதலுதவி மட்டுமே. மழைக்கு வெளியே வந்துவிடும். கொஞ்சம் பெரிய வேலையென்றால் கெட்ட இடத்தைத் தோண்டி, ஈரக் களியை அள்ளி எறிந்து, ஜல்லி நிரப்பி, மேலே தார் போடுவார்கள். பார்க்க உறுதியான வேலையாகத் தெரியும். ஆனால் அதற்குள் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. சுற்றிலும் தண்ணீர் புகாத களிமண், நடுவே நீரை உள்வாங்கும் ஜல்லி: வந்த மழையெல்லாம் அந்தப் பெட்டிக்குள் இறங்கித் தங்குகிறது. அடுத்த வசந்தத்தில் ஒட்டு அப்படியே நிற்கும், அதன் விளிம்பை அடுத்த நான்கடி உடைந்திருக்கும். அதையும் தோண்டி நிரப்புவார்கள். இப்படி ஒட்டு ஊர்ந்துகொண்டே போகும். அனுபவமுள்ள மேஸ்திரி தோண்டிய குழியிலிருந்து சாலையோரச் சரிவு வரை ஒரு சிறு கால் வெட்டி, அதையும் ஜல்லியால் நிரப்பித் தண்ணீருக்கு வழிவிடுவார். அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேரம் பல இடங்களில் கிடைப்பதில்லை. ஒரு குழுவுக்கு அத்தனை நீளச் சாலை.

தண்ணீர் வடியாத சாலைக்கு எதைப் பூசினாலும் வீண். தார் விளிம்பில் புல்லும் அடித்துவந்த சரளையும் சேர்ந்து ஒரு சிறு வரப்பு உண்டாகியிருக்கும், பார்த்திருப்பீர்கள். மழைநீர் அதைத் தாண்டிப் பள்ளத்தில் விழ முடியாமல் சாலையின் தோளிலேயே ஊறும். அந்த வரப்பை ஆண்டுக்கொருமுறை வெட்டி எடுத்தாலே பாதி விளிம்பு உடையாது. சாலைக்கு அடியில் குறுக்கே போகும் வடிகால் குழாய்களும் அப்படியே. வசந்தத்தில் பனி உருகிப் பள்ளம் நிறையும், குழாயோ உள்ளே பனிக்கட்டியால் அடைத்திருக்கும். கொதிகலன் ஏற்றிய வண்டியைக் கொண்டுவந்து, நீராவிக் குழலைச் செருகி, அடைப்பை உருக்கித் திறப்பார்கள். நாளிதழில் படம் வராத வேலை, நாடா வெட்ட அமைச்சர் வராத வேலை. பட்ஜெட் இறுகும்போது முதலில் வெட்டுப்படுவது இத்தகைய வேலைகள்தான் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

தாரைப் பெயர்த்துச் சரளை போட்டதற்கு வருகிறேன். ஊர் மக்கள் இதை அவமானமாக நினைக்கிறார்கள். தாத்தா காலத்துக்குத் தள்ளிவிட்டார்கள் என்பார்கள். நான் எதிர்க்கட்சி. ஒட்டின் மேல் ஒட்டாகக் கிடக்கும் டி.எம்.எஸ். சாலையைவிட நன்றாகப் பராமரிக்கும் சரளைச் சாலை பாதுகாப்பானது. தார்ச்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவன் எதிர்பாராத குழியில் விழுகிறான். சரளையில் எவனும் அந்த வேகத்தில் வருவதில்லை. அதைவிட முக்கியம், சரளையில் உண்டாகும் குழியை ஒரே ஆள் ஒரே இயந்திரத்தால் ஒரே நடையில் சரிசெய்யலாம்.

அந்த இயந்திரம் கிரேடர், நீளமான கத்தியால் சாலையைச் சீவிச் சமப்படுத்துவது. அதை ஓட்டுவது கலை. சாலையின் நடு முதுகு இரு ஓரங்களையும்விட உயர்ந்திருக்க வேண்டும். மீட்டருக்கு நான்கு சென்டிமீட்டர் சரிவு. அதைவிடக் குறைந்தால் நீர் தேங்கும், கூடினால் லாரி ஓரத்துக்குச் சறுக்கும். மழை பெய்து ஓரிரு நாளில், மண் கையில் பிடித்தால் பிடிபடும் ஈரத்தோடு இருக்கும்போது இழுக்க வேண்டும். காய்ந்த சாலையில் இழுத்தால் தூளும் கல்லும் பிரிந்து மறுநாளே பழைய கதை. வண்டிகள் வேகமாகப் போகப்போகச் சாலையில் குறுக்கு வரிகள் விழுந்து வண்டி பல் கிட்டுவது போல் நடுங்குமே, அந்த வரிகளை மேலே மட்டும் சீவிக் குழிகளில் நிரப்பினால் ஒரு வாரத்தில் அதே இடத்தில் அதே வரிகள் எழும்பும். கத்தியை வரியின் அடிமட்டம் வரை இறக்கி, கட்டியான மண்ணையே வெட்டிக் கிளறி, மறுபடி பரப்பி இறுக்க வேண்டும். சரளையிலும் வெறும் கல் போதாது. நூற்றுக்குப் பத்துப் பங்காவது களித்தூள் கலந்திருந்தால்தான் கல்லைக் கல் பிடிக்கும். கழுவிய கல்லைக் கொட்டினால் அது சக்கரத்தில் சிதறிப் பள்ளத்துக்குப் போய்ச் சேரும். புழுதிக்கு வீடுகள் இருக்கும் இடங்களில் கால்சியம் குளோரைடு கரைசல் தெளிப்பார்கள். காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்து மண்ணை அடக்கிவைக்கும்.

ஆனால் எல்லாச் சாலைக்கும் சரளை தீர்வாகாது. ஹைவே 32 அந்த வட்டாரத்தின் முதுகெலும்பு. ஆம்புலன்ஸும் பள்ளிப் பேருந்தும் எரிபொருள் லாரியும் அதில்தான் போக வேண்டும். 2012 இறுதியில் லீடர் வட்டாரத்து மக்கள் ஒரு காரியம் செய்தார்கள். சாலைக் குழிகளில் ஆடையின்றி, மறைக்க வேண்டியதைச் சாமர்த்தியமாக மறைத்து நின்று படமெடுத்து, மறு ஆண்டுக்கான நாட்காட்டியாக அச்சடித்து விற்றார்கள். நாடு முழுவதும் செய்தியானது. அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்த நெடுஞ்சாலையில் கட்டங்கட்டமாகச் சில துண்டுகள் அடியிலிருந்து புதிதாகக் கட்டப்பட்டன. நீங்கள் சொல்லும் வழுவழுப்பான துண்டுகள் அவையாகவே இருக்க வேண்டும். நாட்காட்டிதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. எரிவாயு, எண்ணெய் போக்குவரத்தும் கணக்கில் வந்திருக்கும். ஆனால் எந்தச் சாலை முதலில் என்பதைப் பொறியாளர்கள் மட்டுமே முடிவு செய்வதாக நினைத்திருந்தால் அந்த நினைப்பை விட்டுவிடுங்கள்.

புதிதாகக் கட்டுவதிலும் பல தரம் உண்டு. ஜல்லி கிடைக்கும் இடத்தில் பழைய மேட்டை அகலப்படுத்தி, ஜல்லி அடுக்கு போட்டு, சூடான தார்க்கலவை விரிப்பார்கள். கிடைக்காத இடத்தில் பழைய பூச்சையும் அடிமண்ணையும் சேர்த்தே அரைத்து, சிமென்ட், சுண்ணாம்பு அல்லது நுரைத்த தார் கலந்து அங்கேயே இறுக்குவார்கள். போக்குவரத்து குறைவென்றால் ஜல்லி அடுக்கின் மேல் சூடான தாரைத் தெளித்துப் பொடி ஜல்லியைத் தூவி உருட்டுவதோடு சரி. மாகாண அரசு 2020 முதல் பத்தாண்டுகளில் 10,000 கிலோமீட்டரை மேம்படுத்துவதாக இலக்கு வைத்திருக்கிறது. அந்த எண்ணைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: பொடி ஜல்லி தூவிய கிலோமீட்டரும் அடியிலிருந்து கட்டிய கிலோமீட்டரும் அதில் ஒரே கிலோமீட்டராகத்தான் எண்ணப்படுகின்றன.

நல்ல தார் போட்ட பிறகும் ஒருமுறையோடு தீராது. வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 35, 40 என்று இறங்கும்போது தார் சுருங்கிச் சாலைக்குக் குறுக்கே வெடிக்கிறது. அதற்காகவே இங்கே மிருதுவான தார் வகைகளைப் பயன்படுத்துகிறார்கள், அப்படியும் வெடிக்கும். அந்த வெடிப்புகளைக் காற்றழுத்தத்தால் ஊதிச் சுத்தம் செய்து, ரப்பர் கலந்த சூடான தாரால் அடைக்காவிட்டால் தண்ணீர் இறங்கி மறுபடி முதல் அத்தியாயம்.

குளிர்காலப் பராமரிப்பில் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாத விஷயம் உப்பு. பூஜ்யத்துக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பாகையைத் தாண்டினால் சாதாரண உப்புக்கு வேலை இல்லை. கடுங்குளிரில் பனியைச் சுரண்டிவிட்டு, வளைவிலும் சந்திப்பிலும் மணல் தூவுவார்கள். அதில் கலந்திருக்கும் கொஞ்சம் உப்பு, மணற்குவியல் கட்டியாகாமலிருக்கத்தான். காற்று வீசும்போது உப்புப் போடுவது கேடு. காய்ந்து குளிர்ந்த சாலையில் பறக்கும் பனி ஒட்டாமல் தாண்டிப் போய்விடும். உப்பால் நனைந்த சாலையில் வந்து ஒட்டிப் பனிக்கட்டியாகும். உப்பு லாரி வரவில்லை என்று தொலைபேசியில் கத்துகிறவர்களுக்கு இதைப் புரியவைப்பது பெரும்பாடு.

பனி வானிலிருந்து விழுவதைவிடப் பக்கவாட்டில் வருவதுதான் அதிகத் தொல்லை. அதனால் புதிய சாலைகளைச் சுற்றுவயலைவிட உயர்த்திச் சரிவைத் தட்டையாக அமைக்கிறார்கள்; காற்றே சாலையைப் பெருக்கிவிடும். மேட்டைக் குடைந்து போகும் இடங்களில் பனி குவியும். வறட்சிக் காலத்தில் மண்ணரிப்பைத் தடுக்க நட்ட கராகானா என்ற புதர்ச்செடி வேலிகள் சாலைக்கு மிக நெருங்கி இருந்தால், காற்றை நிறுத்திப் பனியைச் சாலை மேலேயே கொட்டுகின்றன.

கோடையில் ஓரப் பள்ளங்களின் புல்லை வெட்டுவதும் பராமரிப்புதான். உயரமான புல் பனியைப் பிடிக்கும், மானை மறைக்கும். ஒட்டிய நிலத்து விவசாயிகள் அதை வைக்கோலாகக் கட்டி எடுத்துக்கொள்வதால் அரசுக்கு வேலை கொஞ்சம் மிச்சம்.

உங்களுக்கு நடைமுறையில் பயன்படக்கூடியவை சில. புறப்படும் முன் மாகாணத்தின் ஹைவே ஹாட்லைனைப் பாருங்கள். மூடிய சாலை, பனி, வேலை நடக்கும் இடம் எல்லாம் அதில் இருக்கும். 600, 700 வரிசை எண்கள் கொண்ட சாலைகள் கிளைச் சாலைகள். தடையும் சரளையும் அங்கேதான் அதிகம், மழை நாளில் சுற்றி வந்தாலும் முதன்மைச் சாலையிலேயே வாருங்கள். சரளையில் எதிரே லாரி வந்தால் வேகத்தைக் குறைத்து வலப்பக்கம் ஒதுங்குங்கள், ஆனால் விளிம்பின் மென்மண்ணில் சக்கரத்தை இறக்காதீர்கள். குழியைப் பற்றிப் புகார் செய்யும்போது "சாலை மோசம்" என்று சொல்லாமல் சாலை எண், அருகிலுள்ள ஊர் அல்லது சந்திப்பு, அங்கிருந்து எத்தனை கிலோமீட்டர், எந்தத் திசைத் தடம் என்று சொல்லுங்கள். தண்ணீர் தேங்கி நிற்கிறதா என்பதையும் சேர்த்துச் சொன்னால் வருகிற குழு அதற்கேற்ற இயந்திரத்தோடு வரும். கிரிட் சாலையானால் மாகாணத் துறைக்கு அல்ல, அந்தந்த ஊரக நகராட்சி அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். இரண்டையும் மாற்றிச் சொல்லிப் பல நாள் வீணாக்கியவர்கள் நிறைய. உங்கள் கம்பெனி லாரிகளைப் பொறுத்தவரை, தடைக்காலத்தில் பாரத்தைக் குறைக்க முடியாதென்றால் வேறு வழி உண்டா என்று, அதிக எடை அனுமதிக்கப்படும் முதன்மை எடைச் சாலைகளின் வரைபடத்தில் பாருங்கள். தொலைவு கூடினாலும் அபராதத்தைவிட டீசல் மலிவு.